என் காரை என்னிடமிருந்து காப்பாற்றிய கருவி

எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் எழுத்தாளர் என்று அர்த்தமில்லை. காலையில் யார் எந்தக் காட்டுக்குப் போவது என்று ஆட்களைப் பிரித்து அனுப்பிவிட்டு, சாயங்காலம் காப்பிப் பழம் எடை போடும்போது தராசுக்குப் பக்கத்தில் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு நிற்பவர். நாகலூரில் ஒரு தோட்டத்தில் நான் பார்ப்பது அந்த வேலை. கடுமையான முகம் மட்டும் இன்றுவரை சரியாக வரவில்லை என்பார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கார் வாங்கினேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வண்டி. வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது. வண்டியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் நின்றபடியே மலை ஏறி இறங்கியவனுக்கு அது தேர். வாங்கிய முதல் மாதம் ராத்திரி படுக்கப் போகும் முன்பு வாசலுக்கு வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். இரண்டாவது மாதம் பார்ப்பதற்குக் காரணம் கிடைத்தது.

ஏற்காடு டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் இரும்புக்கடை வைத்திருக்கிறார். எஸ்டேட்டுக்கு மண்வெட்டி, கத்தி, ஆணி எல்லாம் அவரிடம்தான். ஒருநாள் ஆணியை நிறுத்துக்கொண்டே சொன்னார்.

"சேதி தெரியுமுங்களா ரைட்டரே? தலைச்சோலைப் பக்கம் மொளகு மூட்டையோட நின்ன ஜீப்பைக் காலையில காணோமாமுங்க."

எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஆணியைக்கூட வாங்காமல் ஓடிவந்து என் காரைப் பார்த்தேன். ஏரிக்கரையில் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது. அடுத்த வாரம் கடைக்குப் போனபோது மீதிக் கதையைச் சொன்னார். ஜீப்பை எடுத்துப் போனது ஜீப்புக்காரரின் மச்சானேதானாம். கல்யாண வீட்டுக்குப் பந்தல் சாமான் ஏற்றக் கேட்டிருக்கிறான், ஜீப்புக்காரர் தூக்கக் கலக்கத்தில் சரி என்று சொல்லிவிட்டு மறந்துபோயிருக்கிறார். ஆனால் அதற்குள் நான் முடிவெடுத்துவிட்டேன். எடுத்த முடிவை உண்மைக்காகவெல்லாம் மாற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

என் மனைவி கிராம சுகாதார நர்ஸ். காய்ச்சல், பிரசவம், தடுப்பூசி என்று மலைக்கிராமங்களை நடந்தே அளந்தவள். வண்டிக்கு அலாரம் வைக்கப்போகிறேன் என்று சொன்னதும் சோற்றில் கையை வைத்தபடியே என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்த வண்டியப் போயி எவன் எடுப்பான்? எடுத்தாலும் அடிவாரம் போறதுக்குள்ள மனசு கேக்காம திருப்பிக் கொண்டாந்து உட்ருவான்."

அவள் தேரை அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அலாரம் விஷயத்தை அவளிடம் பேசுவதை நிறுத்தினேன். செல்போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால்தான் வரும். குளிரில் காதுவரை மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பாறைமேல் உட்கார்ந்து, எங்கோ யாரோ ஒருவருடைய காரைத் திருடர்கள் கண்ணாடியை உடைத்து எடுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கப் பார்க்க, உலகத்தில் கார் திருடாதவன் நான் ஒருவன்தான் என்ற எண்ணம் வந்துவிட்டது.

மனைவிக்குத் தடுப்பூசி முகாம் இருந்த ஒருநாள், லீவு போட்டுவிட்டுச் சேலத்துக்கு இறங்கினேன். ஐந்து ரோடு பக்கம் காருக்கு சீட் கவரும் பாட்டுப்பெட்டியும் மாட்டிக் கொடுக்கிற கடை ஒன்று. கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். நான் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவன் என்பது எல்லோருக்கும் தெரியவேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு.

"இது காப்பியில்லீங்க தம்பி. கழனித்தண்ணி" என்று சொல்லி டம்ளரை வைத்தேன்.

அவர் சிரித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "உங்களுக்கு என்னங்க சார் வேணும்? சத்தம் வரோணுமா, வண்டி நகராம இருக்கோணுமா?"

ஒரு மாதம் பாறையில் உட்கார்ந்து படித்ததில் இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அவரே விளக்கினார். அலாரம் என்பது சத்தம் போடும், அவ்வளவுதான். யாராவது வண்டியை அசைத்தால், கதவைத் திறந்தால் கத்தும். இம்மொபிலைசர் என்பது சத்தம் போடாது. ரிமோட்டில் பூட்டைத் திறக்காமல் சாவியைத் திருகினால் இஞ்சின் உயிர் பிடிக்காது. இரண்டும் சேர்ந்ததும் உண்டு. செல்போனில் வண்டி இருக்குமிடத்தைக் காட்டுவதும் உண்டு.

"போன்ல காட்டறது எங்களுக்கு ஆவாதுங்க" என்றேன். "நான் பாறைமேல ஏறிப் பாக்கறதுக்குள்ள வண்டி ஓமலூரைத் தாண்டியிருக்கும்."

கண்ணாடி மேசையில் வரிசையாகப் பெட்டிகளை வைத்தார். நான் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எழுதியிருந்த இங்கிலீஷைப் படிப்பதுபோல் உதட்டை அசைத்தேன். காட்டெருமை முட்டினால் கத்துமா என்று கேட்டேன். கத்தும் என்றார். குரங்கு மேலே குதித்தால்? அதற்கும் கத்தும். ஆனால் எவ்வளவு மெல்லத் தொட்டால் கத்த வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். கூட்டி வையுங்கள் என்றேன்.

"சார், உங்க வண்டிக்கு இந்த முதல் பெட்டியே போதுமுங்க" என்றார் அவர்.

உங்க வண்டிக்கு என்று அவர் சொன்ன விதம் என்னைக் குத்தியது. கடைசியில் இருந்த பெரிய பெட்டியைக் காட்டி, அதில் என்ன அதிகம் என்று கேட்டேன்.

"அதுல கடத்தல் தடுப்பு இருக்குதுங்க. ஓடிட்டு இருக்கறப்ப உங்களைக் கத்தியக் காட்டி எறக்கி உட்டுட்டு ஒருத்தன் வண்டிய எடுத்துட்டுப் போறான்னு வைங்க. ஓடற வண்டில கதவு தொறந்துச்சுன்னா அதுக்குச் சந்தேகம் வந்துரும். ரகசியமா ஒரு பட்டன் வச்சிருப்போம். அதை அமுக்கினா சரி, இவரு நம்மாளுன்னு உட்ரும். அமுக்கலைன்னா கொஞ்ச தூரம் போக உட்டு, சைரனைப் போட்டு இஞ்சினை நிறுத்திப்போடும். ஆனா உங்களுக்கு இது தேவைப்படாதுங்க சார்."

கத்தியைக் காட்டி என் காரைக் கடத்துகிற ஆளை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெட்டியையே மாட்டச் சொன்னேன்.

ரகசிய பட்டனை எங்கே வைப்பது என்பதில் மெக்கானிக்கைப் படாதபாடு படுத்தினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே வைத்தார். திருடன் முதலில் அங்கேதான் தடவுவான் என்று மாற்றச் சொன்னேன். ஹேண்ட்பிரேக் பக்கம் வைத்தார். அதுவும் வேண்டாம் என்றேன். சீட்டுக்கு அடியில் வைத்தார். கடைசியில் இடதுபக்க டேஷ்போர்டு பெட்டிக்குள், மேல்பக்கமாகக் கையை விட்டால்தான் தட்டுப்படும் இடத்தில் வைத்தபோது திருப்தியானேன். கிளம்பும்போது கடைக்காரரிடம் தணிந்த குரலில் சொன்னேன்: "தம்பி, நாளைக்கு எவனாவது போன் பண்ணி நாந்தான்னு சொல்லிப் பட்டன் எங்கேன்னு கேப்பான். சொல்லிப்போடாதீங்க."

"நிச்சயமாச் சொல்ல மாட்டனுங்க சார்" என்றார். இந்தக் காலத்தில் இப்படி வாக்குத் தவறாத மனிதர்களைப் பார்ப்பது அரிது என்று நினைத்துக்கொண்டே மலை ஏறினேன்.

பிறகு சில மாதங்கள் எங்கள் பக்கத்தில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. இடி இடித்தால் வண்டி கத்தியது. சில்வர் ஓக் கிளை ஒடிந்து விழுந்தால் கத்தியது. பூனை பானட்டின்மேல் வெயில் காய வந்தால் கத்தியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இந்த மலையிலேயே தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்க்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர். காப்பியும் ஆரஞ்சும் வைத்திருக்கிறார். கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் சொல்வார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ரைட்டரே, உங்க வண்டி கூப்புடுதுங்க" என்பார். நான் ரிமோட்டை எடுத்துக்கொண்டு ஓடுவேன். ஒருநாள் பலாப்பழம் ஒன்று நேராகக் காரின் கூரைமேல் விழுந்து அதை நசுக்கிவிட்டது. அன்றைக்குப் பார்த்து அது கத்தவில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. இஞ்சின் ஓடும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாதே. அதனால் நான் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்த பிறகுதான் மனைவி இறங்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை. ரகசியம் என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டியது என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். தன் பாதுகாப்புக்காகச் சொல்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் உடன் வேலை பார்ப்பவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்: அவருக்கு என்மேல் அவ்வளவு அக்கறை என்று. அதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அவளுடைய அக்கா மகளின் கல்யாணம் சேலத்தில் நடந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி மலை ஏறிக்கொண்டிருந்தோம். பாதி மலை ஏறியிருப்போம். அவள் பட்டுப்புடவையின் முந்தானை கதவிடுக்கில் மாட்டி வெளியே ஆடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்திருக்கிறாள். வளைவுக்காக நான் வேகத்தைக் குறைத்தேன். அவள் கதவை லேசாகத் திறந்து, முந்தானையை உள்ளே இழுத்துக்கொண்டு மூடிவிட்டாள். எனக்கு எதிரே லாரி வருகிறதா என்பதில்தான் கண்.

எங்கோ கீச் கீச் என்று ஒரு சத்தம் கேட்டது. அவளுடைய போன் என்று நினைத்தேன். அடுத்த வளைவில், ஏற்றத்தின் நடுவில் சைரன் பிடித்துக்கொண்டது. நாலு பக்கமும் விளக்குகள் மின்னின. இஞ்சின் நின்றுபோனது.

பிரேக் கல்லாக இறுகிவிட்டது. வண்டி ஒரு முழம் பின்னால் நழுவியது. ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். நான் அப்படிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே அவள் இறங்கி, ஓரத்தில் கிடந்த கல்லைப் பட்டுப்புடவையோடு தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்கள் டிக்கிக்குக் கிட்டத்தில் வந்து நின்றது.

சாவியைத் திருகினேன். ஒன்றும் இல்லை. ரிமோட்டை அமுக்கினேன். சைரன் இன்னும் கோபமாகக் கத்தியது போலிருந்தது. பட்டனைத் தேடினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே தடவினேன், ஹேண்ட்பிரேக் பக்கம் தடவினேன், சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். பட்டன் வைத்து வேண்டாமென்று சொன்ன இடங்கள் எல்லாம் துல்லியமாக நினைவிருந்தன.

பஸ் கண்டக்டர் இறங்கி வந்தார். சீட்டுக்கு அடியில் தலையை விட்டு ஒயர்களை இழுத்துக்கொண்டிருக்கும் ஒருவனையும் கத்துகிற காரையும் பார்த்தார்.

"யாரு வண்டிங்க இது?"

"என் வண்டிதானுங்க."

"உங்க வண்டி எதுக்குங்க உங்களைப் பாத்துக் கத்துது?"

ஆர்.சி. புத்தகத்தைக் காட்டலாம் என்றால் அதைத் திருடனுக்குக் கிடைக்கக் கூடாது என்று வீட்டுப் பீரோவில் வைத்திருந்தேன். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிவரத் தொடங்கினார்கள். கண்டக்டர் என் மனைவியைப் பார்த்து, "அம்மா, இவரு உங்களுக்குத் தெரிஞ்சவருங்களா?" என்று கேட்டார்.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கலியாணம் ஆயிருக்குதுங்க. தெரியுமான்னு கேட்டாத்தான் யோசிக்கோணும்" என்றாள்.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பஸ் படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர். "நம்ம ரைட்டர் வண்டிதானுங்க. இந்தச் சத்தத்தை நான் எங்க கேட்டாலும் சொல்லிப்போடுவேன்" என்றார். பிறகு எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "ஊட்டுல கேக்கறதவிட இங்க நொம்ப கம்மியாத்தான் கேக்குது" என்றும் சொன்னார்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். நல்லவேளையாக அந்த வளைவில் சிக்னல் இருந்தது. சைரனுக்கு மேல் கத்தினேன். "தம்பி, அந்தப் பட்டன் எங்க இருக்குது?"

"யாருங்க பேசறது?"

சொன்னேன்.

"சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு ரைட்டர் சாரு சொல்லியிருக்காருங்க."

"அந்த ரைட்டரே நாந்தாங்க."

"அப்படிச் சொல்லித்தான் கேப்பாங்கன்னும் சொல்லியிருக்காருங்க." கொஞ்சம் யோசித்தார். "சரிங்க, ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நம்ம கடையில குடுத்த காப்பியப் பத்தி என்ன சொன்னீங்க?"

சைரன் சத்தத்தில் அவர் பேசுவது கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கண்டக்டர், பக்கத்துத் தோட்டத்துக்காரர், என் மனைவி, பஸ்ஸில் வந்த பாதிப்பேர் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"கழனித்தண்ணின்னு சொன்னனுங்க" என்றேன்.

"ஆமாங்க சார், நீங்கதான்" என்றார் அவர். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. "இடதுபக்கப் பெட்டிக்குள்ள கைய உட்டு மேல தடவுங்க. சாவிய அணைச்சுப் போட்டுட்டு அமுக்குங்க."

நான் எட்டிப் பார்ப்பதற்குள் என் மனைவி பெட்டியைத் திறந்து, கையை விட்டு அமுக்கிவிட்டாள். சைரன் நின்றது. மலையே சட்டென்று அமைதியானது. இஞ்சின் ஒரே திருகில் உயிர் பிடித்தது. வண்டியை ஓரம் கட்டினேன். பஸ் எங்களைக் கடந்து போகும்போது ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் கையாட்டினார்கள். கல்யாண வீட்டில்கூட எங்களை அத்தனை பேர் கவனிக்கவில்லை.

ஏரி கண்ணில் படும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. பிறகு மெல்லக் கேட்டாள்.

"இத்தனை மாசமா அது என் முட்டிக்கு முன்னாலயே இருந்திருக்குது. எனக்குச் சொல்லோணும்னு தோணலைங்களா?"

"ரகசியமா இருக்கோணும்னு..."

"திருடனுக்குத் தெரியக் கூடாது, சரிங்க. நான் யாரு?"

அவள் கையில், தூக்கிய கல்லின் மண் இன்னும் ஒட்டியிருந்தது. புடவை ஓரத்தில் கிழிந்திருந்தது. முன்கண்ணாடியில் தூறலே இல்லாமல் வைப்பரைப் போட்டேன். அது வறட்சியாக இழுத்துக்கொண்டு போய்வந்தது. அதையும் அவள்தான் அணைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாகச் சேலம் போனோம். இந்த முறை பெட்டிகளை அவள் பார்த்தாள். உதட்டை அசைக்கவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்துக் கடைக்காரரிடம் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "இது தப்பா நெனைச்சுக்கிச்சுன்னா என்னங்க பண்ணும்?"

சிலதுக்கு அவர் உடனே பதில் சொன்னார். சிலதுக்கு யோசித்தார். யோசித்த பெட்டிகளை அவள் ஒதுக்கி வைத்தாள். கடைசியில் ஓடாத வண்டியைக் கிளப்பவிடாமல் தடுக்கும், ஓடுகிற வண்டியின் வழிக்கே போகாத சின்ன இம்மொபிலைசர் ஒன்றை எடுத்தாள். அன்று முதலில் அவர் காட்டிய பெட்டி. சைரன் வேண்டுமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும், ஆனால் காட்டெருமை முட்டினால் மட்டும் கத்துகிற அளவுக்குக் குறைத்து வையுங்கள் என்றாள். பழையதைக் கழற்றி மாட்டும்வரை நாங்கள் உட்கார்ந்திருந்தோம். காப்பி வந்தது. நான் கடைசிச் சொட்டுவரை குடித்து, நன்றாக இருக்கிறது என்றேன். கடைக்காரர் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஊருக்கு வந்த மறுவாரமே அவள் ஓட்டுநர் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள். "அன்னைக்கு நான் கல்லுத் தூக்கினனே தவிர, உள்ள என்ன பண்ணோணும்னு ஒண்ணும் தெரியலைங்க. அது எனக்குப் புடிக்கலை" என்றாள். நான் சொல்லித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

இப்போது அவள்தான் அதிகம் ஓட்டுகிறாள். தடுப்பூசிப் பெட்டியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, நான் இரண்டாம் கியரில் திணறுகிற ஏற்றங்களில் பேசிக்கொண்டே ஏறுகிறாள். எஸ்டேட்டுக்கு நான் பஸ்ஸில் போகிறேன். அந்தக் கண்டக்டர் சில நாள் அதில் வருவார். சீட்டுக் கிழித்துக் கொடுக்கும்போது, "வண்டி நல்லாருக்குதுங்களா? இப்ப உங்களை அடையாளம் தெரியுதுங்களா?" என்று விசாரிப்பார்.

போன மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனோம். மேலே சமவெளியில் வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. அவள் ஒரு ஜீப்புக்கும் டெம்போவுக்கும் நடுவில் ஒரே வெட்டில் உள்ளே விட்டு நிறுத்தினாள். இறங்கிப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கோயில் பக்கம் நடந்தாள். நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது முறை பார்க்கும்போது, "அது எங்கயும் போவாதுங்க, வாங்க" என்றாள். பனிமூட்டம் இறங்கி வண்டிகளை மூடிவிட்டிருந்தது. எது என் வண்டி என்றே தெரியவில்லை. அவள் முந்திப் போய்விடுவாளே என்று வேகமாக நடந்தேன்.